வடக்கிருத்தலும் கருணைக்கொலையும் – பொத்தியார் பாட்டு ஒன்றை முன்வைத்து

புறநானூற்றின்கண் கோப்பெருஞ்சோழனைச் சார்ந்து நிற்கும் 213 முதல் 223 வரையுள்ள பதினொரு பாட்டுக்களும் தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்தவையே. நட்பின் மேன்மைக்கு அவை நெடுங்காலமாக எடுத்துக்காட்டாய் வழங்கி வருகின்றன. 785-ஆம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் சோழனையும் பிசிராந்தையாரையுமே காட்டிச் சென்றார். இக்காலத்தே இப்பாட்டுக்களை வேறொரு நோக்கில் அணுகுவாரும் உளர். தீரா நோயுற்றார் தம் உயிரை முடித்துக்கொள்ளும் உரிமையுடையரோ, அதற்குப் பிறர் துணை செய்தல் தகுமோ என்னும் வினா எழுந்தவிடத்து, வடக்கிருத்தல் பண்டைத் தமிழர் ஒப்பிய கருணைக்கொலையே என்பர் ஒரு சாரார். அது வெறுந் தற்கொலை, போற்றத்தக்கதன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பாட்டுக்களை ஒன்றோடொன்று பொருத்தி நோக்காமையான் எழுந்தன என்பது நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், இன்றைய சட்டத்தின் நிலையைச் சுருங்கக் காண்போம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு செல்லாதென 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1996-இல் கியான் கவுர் வழக்கில் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, வாழும் உரிமையுள் சாகும் உரிமை அடங்காது என முடிவு செய்தது. மும்பைச் செவிலி அருணா ஷான்பாக் வழக்கில், 2011-இல், உயிர்நீட்டிக்கும் மருத்துவத்தை உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் நிறுத்தலாம் என்னும் நெறி வகுக்கப்பட்டது. எனினும் அவர் பொருட்டுத் தொடுக்கப்பட்ட மனு ஏற்கப்படவில்லை. 2018 மார்ச்சு 9-ஆம் நாள் மற்றோர் ஐவர் அமர்வு, மாட்சிமையோடு இறத்தல் வாழ்வுரிமையின் கூறே என்றும், ஒருவர் தெளிந்த அறிவுடன் முன்னரே எழுதி வைத்த விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. அதன் நடைமுறைகள் 2023-இல் எளிமையாக்கப்பட்டன. ஆயினும் மருந்து செலுத்தி உயிர் போக்குதல் இன்றும் குற்றமே. தற்கொலைக்குத் துணைபோதலும் தண்டனைக்குரியதே. ஆகவே, சட்டம் இன்று கேட்கும் வினாக்கள் இரண்டு: முடிவு எவருடையது? அதில் பிறர்க்கு என்ன பங்கு?

இனி, பாட்டுக்களைக் காண்போம். சோழன் உறையூரிலிருந்து ஆண்டவன். தன்மேற் படையெடுத்து வந்த மக்கள் இருவரோடு பொரத் துணிந்தவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் 213-ஆம் பாட்டால் தடுத்தார். அடுத்த பாட்டு, அவன் வடக்கிருந்தபோது கூறியது எனக் கொளுவால் அறிகின்றோம். வடக்கிருந்ததன் காரணத்தைப் பாட்டோ கொளுவோ வெளிப்பட உரைக்கவில்லை. பாட்டுக்களின் வைப்பு முறையைக் கொண்டே மக்கட்பகையால் நேர்ந்த நாணம் என உய்த்துணர்கின்றோம். எவ்வாறாயினும் நோயென்பது ஓரிடத்தும் பேசப்படவில்லை. 65, 66-ஆம் பாட்டுக்களில் வரும் சேரமான் பெருஞ்சேரலாதனும் புறப்புண் நாணியே வடக்கிருந்தான். சமணர் சல்லேகனையோ, முதுமை, தீராநோய், வற்கடம், விலக்கலாகா இடையூறு ஆகியவற்றைக் காரணமாக வகுத்தது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து முடிந்த சந்திரநந்தி ஆசிரியர் அம்மரபினர். சந்தாரா எனவும் வழங்கும் அந்நோன்பைத் தற்கொலை என 2015 ஆகஸ்டு 10-இல் இராசத்தான் உயர் நீதிமன்றம் விலக்க, அதே திங்கள் 31-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. திருச்சிராப்பள்ளிக் குன்றிலும் சமணர் படுக்கைகள் உள்ளமையால் இவ்விரு மரபையும் ஒன்றெனக் கொள்வது எளிது, கொள்ளின் பிழையாம். ஒன்று நோன்பு, மற்றது மானம்.

சோழன் இருந்த இடம் ஆற்றிடைக்குறையின் மரநிழல் என்பது 219-ஆம் பாட்டால் புலனாகின்றது. அரங்கம் என்னும் சொற்கு ஆற்றிடைக்குறை என்பது பொருளாதலானும், உறையூர்க்கு எதிரே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம் கிடத்தலானும், அவ்விடம் இதுவே எனக் கருதத் தோன்றும். பாட்டு பெயர் சுட்டாமையின் அதனை ஊகமாகவே கொள்ளல் வேண்டும்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது 222-ஆம் பாட்டு. சோழன் நடுகல்லான பின், பொத்தியார் அக்கல்லை நோக்கி இடம் வேண்டுகின்றார். முன்னர் அவர் உடனிருக்க விழைந்தபோது, மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்த பின் வருக எனச் சோழன் திருப்பி விடுத்தான் என்பது அப்பாட்டால் தெளிவாகும். இம்மறுப்பை நண்பன்மேற் கொண்ட இரக்கம் என்று மட்டும் உரைப்பாருளர். அவ்வாறாயின், பிசிராந்தையார்க்கு அவ்விரக்கம் ஏன் இல்லையாயிற்று? அவர் வருவார் என 215-இலும், அவர்க்கு இடம் ஒழித்து வைக்க என 216-இலும் சோழனே கூறினான் அன்றோ?

விடை 191-ஆம் பாட்டில் உளது. நரையின்மைக்குக் காரணம் வினவினார்க்குப் பிசிராந்தையார் விடை கூறுமிடத்து, தம் மனைவியின் மாண்பினை அடுத்துத் தம் மக்கள் அறிவு நிரம்பினமையையும் எடுத்துரைக்கின்றார். ஒருவர்க்கு மக்கள் நிரம்பினர். மற்றவர்க்கு மகன் இன்னும் பிறந்திலன். ஒருவர்க்கு இடம் ஒழித்ததும் மற்றவர்க்கு இடம் மறுத்ததும் நட்பின் ஏற்றத்தாழ்வால் அல்ல; முடிக்கப்பட்ட கடனுக்கும் முடிக்கப்படாத கடனுக்கும் உள்ள வேறுபாட்டால் என்க. தன் உயிரைத் தானே விடத் துணிந்தவனும், பிறனொருவன் உயிர்விடுதலில் மூன்றாமவர் ஒருவரின் உரிமை உண்டு என்று கண்டான். அம்மூன்றாமவர் பிறவாத குழவி.

இக்கொள்கைக்கும் எல்லை உண்டு. சோழன் மறுத்தது காலத்தையே அன்றிச் செயலையன்று. மகன் பிறந்த அளவில் கடன் முடிந்தது என்றல் இன்றைய அறவுணர்வுக்கு ஒவ்வாது. கைக்குழவியோடு நின்ற மனைவியின் நிலையைப் பாட்டு வினவவும் இல்லை. 219-ஆம் பாட்டால் உடனிருந்தார் பலர் என அறிகின்றோம். அவர்தம் இல்லநிலை பாட்டில் இடம்பெறவில்லை. ஆகலின் இப்பாட்டுக்களைச் சட்டத்திற்கு முன்மாதிரியாகக் காட்டுதல் இயலாது.

எனினும் இரண்டு செய்திகள் ஐயத்திற்கிடமின்றி நிற்கின்றன. ஒன்று: வடக்கிருந்தான் தானே பேசுகின்றான். 214 முதல் 216 வரையுள்ள மூன்றும் அவன் வாய்மொழி; அவன் பொருட்டு வேறொருவர் முடிவு செய்தமை எங்கும் இல்லை. மற்றொன்று: எஞ்சினார் துயர் மறைக்கப்படவில்லை. உறையூர்க்கு மீண்ட பொத்தியார், களிறு இழந்து வறிதாகிய கூடத்தைக் கண்டு அழும் பாகனைப்போல் அழுதேன் என 220-இல் கூறுகின்றார். ஒருவன் தன் விருப்பால் எய்திய சாவும் ஊரை வெறுமையாக்கும் என்பதனை அப்புலவர் மறந்திலர்.

தென் மாவட்டங்கள் சிலவற்றில் முதியோரை எண்ணெய் முழுக்காட்டி உயிர்போக்கும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் பற்றி 2010-இல் செய்திகள் வந்தன. அதனையும் பழந்தமிழ் மரபென்று கூறி அமைதி காண்பார் உளராயின், அவர்க்கு இப்பாட்டுக்களே மறுப்பாம். முதியவரின் சொல் அங்கே கேட்கப்படுவதில்லை. எஞ்சினார்க்குப் பாரமாதலே அங்கே காரணம். வடக்கிருத்தலிற் சொல் இறப்பாருடையது; தலைக்கூத்தலிற் சொல் இருப்பாருடையது. இரண்டனையும் ஒரு பெயரால் அழைத்தல் இலக்கியத்திற்கு இழுக்கு, முதியோர்க்கு ஊறு.

கோப்பெருஞ்சோழன் பாட்டுக்களைக் கற்பிப்போர் நட்பு ஒன்றனையே கூறி அமையாது, 191-ஐயும் 222-ஐயும் ஒருங்கு வைத்துக் கற்பித்தல் வேண்டும். சாகத் துணிந்தவன் நண்பனை வீட்டிற்கு அனுப்பிய அவ்வொரு செயலை மாணவர் உணர்வராயின், எவர் சாவைப் பற்றியும் எளிதிற் சொல்லாடத் துணியார்.