777 போட்டா சரியாயிடும்: சாம்பா குறிப்புகள் பற்றி ஒரு விமர்சனம்

யூனிக்ஸ் கணினியும் விண்டோஸ் பி.சி.யும் ஒரே கோப்பையும் ஒரே பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள வழி சொல்லும் குறிப்புகளை ஒரு தனி எழுத்து வகையாகவே எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷமா எழுதப்பட்டு வருது. அதுக்குன்னு ஒரு நடையும் உண்டு. முதல்ல கொஞ்சம் புலம்பல், அப்புறம் நாலு வரி கட்டளை, கடைசியில் "எனக்கு வேலை செஞ்சுது". நாவலை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். ஒரு அலுவலகத்தோட கணக்கும் கடிதமும் எந்தப் பூட்டுக்குள்ள இருக்கணும்னு தீர்மானிக்கிற இந்த எழுத்தை மட்டும் அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொள்கிறோம். அதைக் கொஞ்சம் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்பதே இந்தப் பதிவு.

இந்த நடை எங்கிருந்து வந்தது? எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. யூனிக்ஸ் பக்கம் சன் நிறுவனத்தின் என்.எஃப்.எஸ். இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் அனுப்பும் பொட்டலங்களைக் கவனித்து, அதற்குப் பதில் சொல்லும் யூனிக்ஸ் சர்வர் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் சாம்பா ஆனது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயர் அது.

தன் முறையை அவர் பிற்பாடு ஒரு பிரெஞ்சு உணவகத்தோடு ஒப்பிட்டார். மொழி தெரியாமல் போய் உட்காருகிறீர்கள். பக்கத்து மேசைக்காரர் என்ன சத்தம் எழுப்பினால் என்ன தட்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்தே மொழியைக் கற்கிறீர்கள். சாம்பா அப்படித்தான் கற்றது. நெறிமுறைக்கான முழு ஆவணங்கள் அவர்கள் கைக்கு வந்தது ஐரோப்பிய ஆணையத்தின் வழக்குக்குப் பிறகு, 2007 டிசம்பரில் போட்ட ஒப்பந்தத்தில்தான்.

ஆக முதல் பதினைந்து வருஷம் "ஏன்" என்ற கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. "இதைப் போட்டேன், வந்தது" என்பது அன்றைக்கு நேர்மையான வாக்கியம். அதே வாக்கியத்தை இன்னிக்கும் எழுதுறதுதான் என் புகார். அன்றைக்கு அது பரிசோதனை முடிவு, இன்றைக்கு சோம்பேறித்தனம்.

உதாரணத்துக்கு மூன்று குறிப்புகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, புகழ்பெற்ற 777. "விண்டோஸிலிருந்து எழுத முடியலையா? ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுங்க." உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும் என மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க உரிமை. சரி, வேலை செய்யும். ஆனா ஏன் எழுத முடியலைன்னு இந்தக் குறிப்பு சொல்லவே இல்லை. சாம்பாவில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று அதன் அமைப்புக் கோப்பு. இரண்டாவது யூனிக்ஸின் சொந்த அனுமதி. விண்டோஸிலிருந்து வருபவரை சாம்பா ஒரு யூனிக்ஸ் பயனராக மாற்றி, அந்தப் பயனரின் பெயரில்தான் கோப்பைத் தொடுகிறது. எனவே முதல் சோதனை எளிது. அந்தப் பயனராகவே யூனிக்ஸில் நுழைந்து, அந்த ஃபோல்டரில் ஒரு கோப்பு எழுதிப் பாருங்கள். அங்கேயே முடியலைன்னா சாம்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே உள்ள தாய் ஃபோல்டர் ஒன்றில் நுழையவே உரிமை இல்லாமலிருப்பது ரொம்ப சாதாரணமான காரணம். அங்கே முடிந்து, விண்டோஸிலிருந்து மட்டும் முடியவில்லை என்றால் அமைப்புக் கோப்பைப் பாருங்கள். ரெட் ஹாட், ஃபெடோரா வகைகளில் எஸ்.ஈ.லினக்ஸ் முத்திரை மூன்றாவது வாசல். அங்கே 777 போட்டாலும் கதவு திறக்காது. உடனே அடுத்த குறிப்பு வரும்: "எஸ்.ஈ.லினக்ஸையே அணைத்துவிடுங்க." ஃபோல்டருக்குச் சரியான முத்திரையை இட ஒரு கட்டளை போதும். அதை எழுத மாட்டார்கள்.

உண்மையில் வேண்டியது என்ன? பகிரப்போகும் ஆட்களுக்கு ஒரு குழு. ஃபோல்டரின் உரிமை அந்தக் குழுவுக்கு. அனுமதி 2770. முன்னால் உள்ள 2, உள்ளே பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவைச் சேர்ந்ததாக இருக்கச் செய்கிறது. சாம்பா பக்கம், புதுக் கோப்புக்கு 0660 கிடைக்கும்படி ஒரு வரி. அவ்வளவுதான். 777-ஐ விட மூன்று வரி கூடுதல்.

அந்த மூன்று வரியின் விலை 2017-ல் தெரிந்தது. அந்த மே மாதம் வெளியான சாம்பா ஓட்டை 3.5.0 முதலான எல்லாப் பதிப்புகளிலும் இருந்தது. தாக்குபவருக்குத் தேவைப்பட்டது எழுதக்கூடிய ஒரு பகிர்வு. அதில் ஒரு நிரல் நூலகத்தை ஏற்றி, சர்வரையே அதை இயக்க வைக்கலாம். கடவுச்சொல் இல்லாத விருந்தினருக்குத் திறந்து, 777 போட்ட ஃபோல்டர் என்றால் தாக்குபவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஓட்டை சாம்பாவுடையது. வாசலைத் திறந்து வைத்தது குறிப்பு எழுதியவர்.

இரண்டாவது, "பழைய ஸ்கேனர் தெரியலையா? எஸ்.எம்.பி. முதல் பதிப்பை இயக்குங்க." அதே 2017 மே மாதம் வான்னாக்ரை உலகெங்கும் பரவியது விண்டோஸின் அந்த முதல் பதிப்பு வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதன்பின் புதிய விண்டோஸ் 10-ல் முதல் பதிப்பை இயல்பாக நிறுவுவதை நிறுத்தினார்கள். சாம்பாவும் 2019-ல் வந்த 4.11-ல் அதை அணைத்து வைத்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து பூட்டிய கதவை ஒரு வலைக்குறிப்பு திறக்கச் சொல்கிறது என்றால், குறைந்தபட்சம் எதற்காகப் பூட்டினார்கள் என்று ஒரு வாக்கியமாவது எழுத வேண்டாமா? ஸ்கேனரை மாற்ற காசில்லைங்கிறது நம்ம ஊர் சிறு அலுவலகங்களில் நிஜமான பிரச்சினை. அதை நான் கேலி செய்யவில்லை. அதற்கும் வழி உண்டு: அந்த ஸ்கேனருக்கு மட்டும் தனியாக ஒரு சிறு கணினி, அதில் வேறு எந்தக் கோப்பும் இல்லாமல்.

மூன்றாவது, "வேகம் கூட" சாக்கெட் இடையகத்தின் அளவை 8192 என்று வைக்கச் சொல்லும் வரி. 1990-களின் வலையமைப்பில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய லினக்ஸ் அந்த அளவைத் தானே பார்த்துக் கூட்டிக் குறைக்கிறது. நாம் ஒரு எண்ணைப் போட்டதும் அந்தத் தானியங்கித் திறனை முடக்குகிறோம். வேகம் கூட்ட வந்த வரி வேகத்தைக் குறைக்கும். கையேட்டுப் பக்கமே இதை எச்சரிக்கிறது. ஆனாலும் அந்த வரி ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு, தாத்தா சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கிறது.

எல்லாக் குறிப்பும் இப்படி இல்லை. நல்ல எழுத்துக்கு உதாரணமாக ஜான் டெர்ப்ஸ்ட்ராவின் 'சாம்பா-3 பை எக்சாம்பிள்' நூலைச் சொல்வேன். 2004-ல் வந்தது. அப்மாஸ் என்ற கற்பனை நிறுவனம் சின்ன அலுவலகமாகத் தொடங்கி ஆயிரக்கணக்கான பயனர்கள் வரை வளர்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் தேவை என்ன, அலுவலக அரசியல் என்ன, எதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று பேசிவிட்டுத்தான் கட்டளைக்கு வருகிறது. பிற்பகுதி அத்தியாயங்கள் நீண்டு களைப்பூட்டும், அது குறைதான். 2012 டிசம்பரில் சாம்பா 4.0 வந்து ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே இயங்கத் தொடங்கியதும் அந்த நூலின் டொமைன் கட்டளைகளில் பெரும்பகுதி காலாவதியாகிவிட்டது. ஆனாலும் வாசிக்கலாம். கட்டளை செத்த பிறகும் காரணம் உயிரோடிருக்கிறது. நாலு வரிக் குறிப்பில் கட்டளை செத்தால் எதுவும் மிஞ்சாது.

பிரிண்டருக்கு வருவோம். விண்டோஸ் டிரைவர், பிரிண்டருக்குப் புரியும் மொழியிலேயே தரவைத் தயாரித்து அனுப்பிவிடும். நடுவிலுள்ள யூனிக்ஸ் அதை மறுபடி மாற்ற முயன்றால், பக்கம் பக்கமாகக் கிறுக்கல் வரும். அதனால்தான் பழைய குறிப்புகள் 'ரா' வரிசை வையுங்கள் என்றன. அந்தக் காலத்துக்குச் சரியான ஆலோசனை. ஆனால் 2021-ல் விண்டோஸ் ஸ்பூலரில் பிரிண்ட்நைட்மேர் ஓட்டை வெளிப்பட்ட பிறகு, சர்வரிலிருந்து டிரைவரை இறக்கி நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. சாம்பா வழியாக டிரைவர் பகிர்ந்த அலுவலகங்களுக்கு அது தலைவலி. இன்றைக்கு என் ஆலோசனை, பிரிண்டரை சாம்பாவில் பகிரவே வேண்டாம் என்பதுதான். யூனிக்ஸின் கப்ஸ், ஐ.பி.பி. நெறிமுறையை 631-ஆம் போர்ட்டில் பேசுகிறது. விண்டோஸுக்கும் அது தெரியும். கோப்புக்கு சாம்பா, அச்சுக்கு ஐ.பி.பி. என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

கடைசியா, நான் பார்த்த குறிப்புகள் எதுவும் பேசாத விஷயம் ஒன்று: தமிழ்க் கோப்புப் பெயர். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஒரு பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் எல்லை 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒரு குறிக்கு யு.டி.எஃப்-8-ல் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் 5 குறி, 15 பைட். ஆக 85 குறிகளுக்கு மேல் போனால் லினக்ஸ் மறுத்துவிடும். பழைய நூல்களின் முழுத் தலைப்பு, பதிப்பாசிரியர், ஆண்டு எல்லாம் சேர்த்துப் பெயர் வைப்பவர்களுக்கு 85 சுலபமாகத் தாண்டும். விண்டோஸிலிருந்து நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் ஏன் நிற்கின்றன என்று அனுமதியைத் தேடாதீர்கள், பெயரின் நீளத்தைப் பாருங்கள்.

மேக்கும் சேர்ந்தால் இன்னொன்று. 'கொ' என்பதை ககரம், ஒகரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம். ஒகரக் குறியைக் கொம்பு, கால் என்று பிரித்து மூன்றாகவும் எழுதலாம். யூனிகோடில் இரண்டும் சமம். மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ்.பிளஸ் பிரித்துத்தான் சேமித்தது. ஆர்சிங்க் மூலம் லினக்ஸுக்கு நகலெடுத்தால் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. தேடினால் கிடைக்காது. ஆர்சிங்க்கிலேயே இந்த மாற்றத்துக்கு ஒரு தெரிவு இருக்கிறது. நகலெடுக்கும் முன்பே அதைப் போடணும்.

ஒரு குறிப்பை எடைபோட மூன்று கேள்விகள் போதும். எந்த வருஷம், எந்தப் பதிப்புக்கு எழுதியது? எந்த வாசலை, யாருக்குத் திறக்கிறது? தேவை முடிந்ததும் எப்படிச் சாத்துவது? இதற்குப் பதில் இல்லாத குறிப்பை நம்ப வேண்டாம்.

உங்கள் சர்வரில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. சாம்பாவோடு வரும் டெஸ்ட்பார்ம் கட்டளை, இயல்பு நிலையிலிருந்து நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே, தனிக் குறிப்பு வரியாக, காரணத்தையும் தேதியையும் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். காரணம் சொல்ல முடியாத வரி இருந்தால், ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள். எத்தனை வரி மிஞ்சுதுன்னு பாருங்க.