கேட்போரும் சொல்வோரும்

சிராங்கூன் சாலையில் ஒரு நாள் மாலை, ஊருக்குப் புதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, “கோயில் எங்கே இருக்கிறது, ஐயா?” என்று வினவினார். அச்சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் உண்டு. வடக்கே சற்றுத் தொலைவு நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில் உண்டு. அதற்கும் அப்பால் வடபத்திர காளியம்மன் கோயில் உண்டு. “எந்தக் கோயில்?” என்று நான் கேட்கவே அவர் விழித்தார். ஒரே சாலையில் மூன்று கோயில்கள் இருக்குமென அவர் எங்ஙனம் அறிவார்? “பெருமாளா, அம்மனா?” என்றேன். “பெருமாள்” என்றார். அவ்வளவில் காரியம் முடிந்தது.

அவருடைய வினாவில் குறை இருந்தது. ஆயின் அது சோம்பலால் வந்த குறையன்று. இடம் புதிதாதலின் வந்த குறை. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணாத வழிகாட்டி ஒன்றனைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டேன்.

கணினிக்கு நிரல் எழுதும் தொழிலில் புகுவோர், மூத்தோரிடம் ஐயங்களை எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பது குறித்து எரிக் ரேமண்டு என்னும் அமெரிக்கர், ரிக் மோயன் என்பாருடன் சேர்ந்து நீண்ட கட்டுரை ஒன்றை வரைந்தார். 2001-இல் வெளிவந்த அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இன்றளவும் புதியோர் கையில் கொடுக்கப்படுகிறது. அதில் நல்லன பல உண்டு. கேட்கும் முன் நீயே முயன்று பார்; முயன்றதைச் சொல்; உன் ஊகத்தை உரையாதே, கண்டதை உரை என்பன போன்ற அறிவுரைகளை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். நோயாளி மருத்துவரிடம், “எனக்குப் பித்தம்” என்று கூறுவதினும் “காலை முதல் மூன்று முறை வாந்தி” என்று கூறுவதன்றோ பயன் தருவது?

குறை எங்கே எனின், நடையிலும் வைப்பு முறையிலும் என்க. கேட்போன் செய்யத்தகாதன பக்கம் பக்கமாக அடுக்கப்பெறுகின்றன. கடுமொழி கேட்டால் வருந்தாதே என்று அவனுக்கே அறிவுரையும் தரப்படுகிறது. விடை சொல்வோன் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதோ இறுதியில் ஒரு சிறு பகுதியாக நின்றுவிடுகிறது. அதுவரை பொறுமையுடன் படித்துச் செல்லும் மூத்தோர் எத்துணைப் பேர் இருப்பரோ!

நம் பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இப்பொருளை வைத்த முறையை நோக்குக. நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூறு என ஐந்து. கொள்வோனுக்கு இலக்கணம் கூறுமுன் நுவல்வோனுக்கு இலக்கணம் வந்துவிட்டது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை ஆயின. அதனோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதாரையும் அவர் வகுத்துக் காட்டுகிறார். கழற்காய் பெய்த குடம், தான் கொண்ட முறையிலன்றித் தாறுமாறாகக் கொட்டும். மடற்பனை, தானே பழம் வீழ்த்தினாலன்றி நெருங்கவொட்டாது. பருத்தி அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகவே பிய்த்தெடுக்க வேண்டும். முடத்தெங்கோ, நீர் வார்த்தவன் ஒருவனாக, காயைப் பிறனொருவனுக்கு உதிர்க்கும். இந்நான்கையும் ஆசிரியர் அறையில் நாம் கண்டதில்லையா? நிரலாளரிடையிலும் இவை உண்டு; விதிகளைப் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவோர் மடற்பனை இனத்தவரே.

நன்னூலார் குறையற்றவர் என்று நான் வாதிடவில்லை. மந்தனும் பிணியனும் மாணாக்கர் ஆகார் என்று அவரும் கதவை அடைக்கத்தான் செய்கிறார். எல்லார்க்கும் கல்வி என்னும் இக்காலத்துக்கு அவ்விதி பொருந்தாது. ஆயினும், கொள்வோன் எவ்வகையால் கொள்வான் என்பதை அறிந்து அவன் உள்ளங்கொள உரைத்தலை ஆசிரியன் கடனாக அவர் விதித்தது, ரேமண்டின் பல பக்கங்களினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதனை நான் ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. என் தமக்கையின் மகன் உயர்நிலைப்பள்ளியில் பயில்பவன். அண்மையில் அவன் எழுதிய நிரல் ஒன்று பிழைபட்டது. “என் நிரல் வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்று பழகியோர் சிலருக்கு எழுதினான். கேட்கும் முறையை முதலில் கற்றுக்கொள் என்னும் குறிப்போடு விதிப்பட்டியல் ஒன்று வந்தது. அவன் கணினியை மூடிவிட்டான். இனி எவரையும் கேட்பதில்லை என்றும் சொன்னான். அச்சொல்தான் என்னைச் சுட்டது.

நிரலாக்கம் எனக்குத் தெரியாது. அவனருகே அமர்ந்து, “நீ எதைக் கொடுத்தாய்? எது வருமென எண்ணினாய்? எது வந்தது?” என்று மட்டும் கேட்டேன். “பத்தும் ஐந்தும் கொடுத்தேன், மாமா. 15 வரவேண்டும். 105 வருகிறது” என்றான். சொல்லி முடிக்கும் முன்பே அவன் முகம் மாறிற்று. கணினி அவ்விரண்டையும் எண்களாகக் கொள்ளாமல் எழுத்துத் தொடர்களாகக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிட்டது! எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டவேண்டும் என்று எனக்கு அவனே விளக்கினான். ஆசான் உரைத்ததால் கால் பங்கும், உடன் பயில்வோரால் கால் பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்று நன்னூலார் கணக்கிட்டதன் உண்மையை அன்று கண்டேன்.

தமிழ்க் கணினியின் வரலாற்றிலும் மூன்று கோயில் கதை நிகழ்ந்ததுண்டு. நா. கோவிந்தசாமி போன்றோர் சிங்கப்பூரில் இணையத்துக்குத் தமிழைக் கொணர முயன்ற 1990-களில், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டது. 1997-இல் இந்நகரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டுக்கு அக்குழப்பமும் ஒரு காரணம். “திரையில் தமிழ் தெரியவில்லை” என்று வந்தவரிடம், “எந்தக் குறியீடு?” என்றால் அவர் என்ன சொல்வார்? குறியீடு என ஒன்று இருப்பதே அவர் அறியாதது.

மலாயாவில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-இல் ‘கதை வகுப்பு’ என ஒன்றைத் தொடங்கினர். கதை அனுப்புவோரை நோக்கி, இன்னின்னவை ஏற்கப்படா என்று அறிவிப்பு ஒன்றை வெளியிட்டிருப்பின் ஆசிரியர் குழுவுக்கு எத்துணையோ வேலை மிச்சமாகியிருக்கும். அவர்களோ எழுதக் கற்பிப்பதையே இதழின் பணியாக மேற்கொண்டனர். அவ்வகுப்பில் பயின்றோர் சிலர் பின்னர் எழுத்தாளராக அறியப்பட்டனர். இங்கே கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’, மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோர் எழுத்துக்கு இடந்தந்ததும் அக்காலத்ததே.

2020 முதல் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் நிரலாக்க அறிமுகம் பெற்று வருகின்றனர். அவர்களுள் சிலரேனும் நாளை ஐயங்களோடு பிறரை நாடுவர். அவர்களுக்கென வழிகாட்டி எழுதுவோர், “தெளிவாகக் கேள்” என்னும் விதியை நீக்கிவிட்டு, மேலே நான் கேட்ட மூன்று வினாக்களையே எழுதி, விடைக்கு இடம்விட்டு வைக்கலாம். குறையுள்ள வினா ஒன்றையும், அதே வினா திருந்திய வடிவையும் அருகருகே காட்டலாம். “வேலை செய்யவில்லை” என்பது ஒரு பக்கம். “பத்தும் ஐந்தும் கொடுத்தேன், 105 வந்தது” என்பது மறுபக்கம். பத்து விதிகள் செய்யாத வேலையை இவ்விரண்டு வரிகள் செய்யும். ரேமண்டின் கட்டுரையைத் தமிழாக்க முனையும் அன்பர் எவரேனும் இருப்பின், அவருக்கு ஒரு வேண்டுகோள்: விடை சொல்வோர்க்கான இறுதிப் பகுதியை முதலில் வைத்துப் பெயர்த்துத் தருக.