கதவை அடைத்த மூன்று ஆண்டுகள்

2010 டிசம்பர் 26ஆம் தேதி இரவு. பீடோர் மாமாக் கடையில் உட்கார இடமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய லாரிக்காரர்கள்கூட தே தாரிக்கைக் கையில் பிடித்தபடி நின்றே பார்த்தார்கள். சுசுகி கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், புக்கிட் ஜாலிலில், இந்தோனேசியாவை மலேசியா 3-0 எனக் கவிழ்த்த இரவு அது. நம் ரசிகர்கள் லேசர் அடித்ததால் எதிரணி நடுவில் திடலைவிட்டு வெளியேறிய அசிங்கமும் அன்றுதான் நடந்தது. கோல்களை அடித்தவர்கள் சாஃபி சாலியும் அசாரியும். எங்கள் மேசைக்கோ அன்று வலது ஓரத்தில் பாய்ந்த எஸ். குணாளன்தான் நாயகன்.

மலேசியா வென்ற அந்தக் கிண்ணத்துக்கு இன்றுவரை ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: இறக்குமதி ஆட்டக்காரர்களை நிறுத்தியதால் வந்த வெற்றி. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டவருக்குத் தடை இருந்தது. 2009இல் சீ விளையாட்டுத் தங்கம், அடுத்த ஆண்டே சுசுகி கிண்ணம். இரண்டுக்கும் பயிற்சியாளர் கே. ராஜகோபால்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்த அணியும் வெளிநாட்டவரை வாங்குவது முதுகெலும்புக்குத்தான்: கோல் அடிக்க ஒருவர், நடுத்திடலை ஆள ஒருவர், நடுத் தற்காப்புக்கு ஒருவர். உள்ளூர்ப் பையனுக்கு மிஞ்சுவது ஓரங்கள். மத்தியத் திடல் ஆட்டக்காரனோ ஆடி ஆடித்தான் தேறுவான். பெஞ்சில் உட்கார்ந்தால் திடலைப் படிக்கும் கண் வராது. குணாளன் ஓரத்தில் ஆடியவர்தான். அவருக்கும் நெகிரி செம்பிலானில் ஆட்ட நேரம் கிடைத்தது. 2009லும் 2011லும் மலேசியக் கிண்ணம் அவர் அணிக்கே வந்தது.

ஆனால் 2011 ஜூலையை யாரும் பேசுவதில்லை. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் நம்மை 5-3 என அடித்தது. இங்கே வந்து 1-1 எனச் சமன் செய்து நம்மை வெளியேற்றியது. அப்போதும் தடை நடப்பில்தான் இருந்தது. தடை இடம் கொடுத்ததே தவிரத் தரம் கொடுக்கவில்லை என்பது என் கணிப்பு. தரம் வேறு வழியில் வந்தது. ஹரிமாவ் மூடா என்ற பெயரில் இளைஞர்களை ஆண்டு முழுக்க ஒன்றாகப் பயிற்றி, ஓர் அணியாகவே லீக்கில் இறக்கினார்கள். 2009இல் அவர்கள் பிரீமியர் லீக்கையே வென்றார்கள். கிண்ணத்தில் பெரும்பங்கு அந்தக் கூட்டு வாழ்க்கைக்குத்தான்.

2012இல் கதவு திறந்தது. குணாளன் காணாமல் போகவில்லை. சிலாங்கூர் போய், 2015இல் ஜோகூர் டாருல் தக்சிமில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஏஎஃப்சி கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். ஆனால் வலது ஓரத்தில் பாய்ந்தவர் வலது தற்காப்புக்கு இறக்கப்பட்டார். ஆட்டவாழ்வு நீண்டது, எதிராளியை நேருக்கு நேர் வெட்டிப்போகும் அந்தக் குறும்பு குறைந்தது. தேறிவிட்டவனுக்கு இறக்குமதி ஒரு பட்டறை, பத்தொன்பது வயதுக்காரனுக்கு மூடிய கதவு. இரண்டையும் ஒரே சட்டத்தால் அளப்பதுதான் பிழை.

2021, 2022இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே இறக்குமதியைத் தவிர்த்து ஆடியது. சூப்பர் லீக்கிலிருந்து இறங்கவில்லை. அதே 2021இல் வெளிநாட்டவரை வைத்திருந்த நம் பேராக் இறங்கியது. சம்பளப் பாக்கிதான் முதல் காரணம் என்பதால் இதைப் பெரிய சான்றாக நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். ஜெயா சிட்டியும் 2022க்குப் பிறகு அணியைக் கலைத்துவிட்டது. 2025இல் பேராக் லீக்கைவிட்டே போனது. அதே ஆண்டு மலேசிய வம்சாவளி என்று தேசிய அணியில் சேர்க்கப்பட்ட ஏழு 'பாரம்பரிய' ஆட்டக்காரர்களை, போலி ஆவணம் என்று ஃபீஃபா தடை செய்தது. கதவைப் பூட்டுவதா திறப்பதா என்று சண்டையிட்டவர்கள் பின்வாசலை மறந்துவிட்டார்கள்.

பீடோரைச் சுற்றி பால்மரம் செம்பனையானது, செம்பனை வீடமைப்பானது. தோட்டத் திடல்களும் அதோடு போயின. மிஞ்சிய ஒரு பள்ளித் திடலில் போன சனிக்கிழமை ஒரு பையனைப் பார்த்தேன். ஷூவின் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தான். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளையும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். நடுத்திடலுக்கென்றே பிறந்த கண். பயிற்சியாளர் ஓரக்கோட்டிலிருந்து கத்தினார்: "டேய், நீதான் நல்லா ஓடுறியே, சைடுக்குப் போடா!"