கிராம்புக்கு எத்தனை மதிப்பெண்?

வாய்நாற்றத்துக்கு மூலிகை சொல்கிறவர்கள் மணத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நாற்றம். பெரும்பாலோருக்கு அது வயிற்றிலிருந்து வருவதில்லை. நாக்கின் அடிப்பகுதிக்கு அருகே படியும் வெள்ளைப் படிவிலும் ஈறின் இடுக்குகளிலும், காற்றுப் புகாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தைல் மெர்கேப்டன் போன்ற கந்தக வாயுக்களை விடுகின்றன. உமிழ்நீர் ஊறிக்கொண்டிருக்கும்வரை அவை அடங்கியிருக்கும். வாய் உலர்ந்தால் தலையெடுக்கும். ஆகவே எந்த மூலிகையிடமும் கேட்க வேண்டியது இதுதான்: கிருமியைத் தொடுகிறாயா, உமிழ்நீரை ஊறவைக்கிறாயா, இல்லை நாற்றத்தின்மேல் மணம் பூசிவிட்டுப் போகிறாயா?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் ஆலைப் பட்டை இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறது: ஷிஃப்டுக்குள் இது நடக்குமா? நைட் ஷிஃப்டில் வாய் உலர எல்லாக் காரணமும் உண்டு. லைனை விட்டு எழுந்து போவது எளிதல்ல என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. தூக்கத்தை விரட்ட டீ உண்டு. முகக்கவசம் போடும் பிரிவென்றால் தன் மூச்சைத் தானே முகர்ந்தபடி எட்டு மணி நேரம். லைனில் மெல்ல முடியாது, துப்ப இடமில்லை, டீ பிரேக் சில நிமிடங்கள். இந்த நிபந்தனைகளுக்குள் வேலை செய்யாத மருந்து, நூலில் எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே பாதி மருந்துதான்.

மரபின் முதல் வேட்பாளர் குச்சி. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழி பல்லின் உறுதிக்குத்தான் வாக்குக் கொடுத்தது; மூச்சின் மணத்தைப் பற்றி அது பேசவேயில்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். துவர்ப்பு ஈறை இறுக்கும், மென்ற நார் பல்லைத் துலக்கும். 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் பல்குச்சியைப் பரிந்துரைத்தது. ஆனால் நாற்றத்தின் தலைமையகமான நாக்கின் பின்புறத்தைக் குச்சி எட்டுவதில்லை. அறுபது பேர் வரிசையில் நிற்கும் தொழிலாளர் விடுதிக் குழாயடியில் நிதானமாகக் குச்சி மெல்ல யாருக்கு நேரம் என்பது தனிக் கேள்வி.

கிராம்பிடம் நின்று பேச வேண்டும். வேட்பாளர்களில் உண்மையான மருந்துக் குணம் ஐயத்துக்கிடமின்றி உள்ளது அதற்குத்தான். அதன் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். பாக்டீரியாவை அடக்கும், நரம்பை மரக்க வைக்கும். பல் மருத்துவர்கள் தற்காலிக அடைப்புக்குத் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். நான்கு முனைக் கிரீடத்தின் மேலிருக்கும் மொட்டுக் குமிழைக் கிள்ளிவிட்டு, தண்டை முன்பல்லால் மெல்லக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கினால், முதலில் காரம், பிறகு மரப்பு, பின்னால் நெடுநேரம் மணம். துப்ப வேண்டியதில்லை, சட்டைப்பையில் அடங்கும். இத்தனை நிறைவுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரே குறை, அது பெரிய குறை: வெற்றியே அதன் ஆபத்து. சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கி வலியை மறந்தவர் பல்லை இழக்கிறார். ஒரே இடத்தில் நாள்தோறும் வைத்தால் ஈறும் புண்ணாகிறது. மருந்தாகத் தேர்ச்சி, அன்றாடப் பழக்கமாகத் தோல்வி.

ஏலக்காய்க்கு அந்த வீரியம் இல்லை, அந்த ஆபத்தும் இல்லை. மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறுகிறது. உண்மையில் வேலை செய்வது பாதிக்கு மேல் அந்த ஊற்றுதான். சோம்பும் இதே வகை, ஒரு படி கீழே. ஆனால் ஓட்டல் கல்லாவருகே கிண்ணத்தில் கிடக்கும் சீரக மிட்டாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்க்கரைக் கவசம் போட்ட சோம்பு கிருமிக்கு விருந்து. புதினாவிலும் இலை வேறு, மிட்டாய் வேறு. கேன்டீன் குழம்பின் பூண்டு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுவதால் வாய் கழுவினால் போவதில்லை; பச்சைப் புதினா இலையை உணவோடு மென்றால் அதிலுள்ள பாலிஃபீனால்கள் அந்தக் கந்தகத்தை ஓரளவு கட்டிப்போடும். மெந்தால் மிட்டாயோ குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டிவிட்டு, சுத்தமாகிவிட்டதாக நம்ப வைக்கிறது.

வெற்றிலை விஷயத்தில் தீர்ப்பை இரண்டாக்க வேண்டியிருக்கிறது. தனி வெற்றிலையில் கிருமியை அடக்கும் ஹைட்ராக்ஸிகேவிகால் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் நரம்பு கிள்ளிய இலையில் ஒரு கிராம்பு வைத்து மென்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாக்குச் சேர்ந்தவுடன் வழக்கு மாறுகிறது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. "இயற்கை" என்ற சொல்லை ஓர் அளவுகோலாக ஏற்பவர்கள் பாக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்? குட்காவைத் தமிழ்நாடு 2013 மே மாதம் தடை செய்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பான் மசாலாக்காரர்கள் இதற்கிடையே ஏலக்காயின் பெயரில் நட்சத்திர விளம்பரம் செய்கிறார்கள். ஏலக்காய்க்கு இதைவிட அவமானம் இல்லை.

செயற்கை என்று ஒதுக்கப்படும் லிஸ்டரின் வாய்க்கழுவியையும் இதே தராசில் வையுங்கள். 1879-ல் உருவான அந்தக் கலவையின் தூண்களில் ஒன்றான தைமால்தான் நம் ஓமத்துக்கும் மணம் தருகிறது. மற்றவை யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட். பழைய கலவையில் கால் பங்குக்கு மேல் இருந்த ஆல்கஹால்தான் கண்டிக்கத்தக்கது.

சான்று என்ற அளவில் மூலிகை அணியின் வலுவான வாதம் நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு. 2011-ல் சரத் அசோகன் குழுவினர் 20 வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய முன்னோட்ட ஆய்வில், வாய்நாற்றத்தைக் குறைப்பதில் எண்ணெய் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவிக்கு நிகராக நின்றது. குளோர்ஹெக்சிடினைப் போலப் பல்லில் கறை படியவைக்கும் பின்விளைவும் எண்ணெய்க்கு இல்லை. முறைமை மெச்சத்தக்கது, அளவு சிறியது. எதையுமே கொப்பளிக்காத அணி இல்லாததால், தினமும் வாயை அலசுவதன் பலன் எவ்வளவு, எள்ளின் பலன் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. கடுக்காய், நெல்லி, தான்றி சேர்ந்த திரிபலாக் கொப்பளிப்புக்கும் சாதகமான சிறு ஆய்வுகள் உண்டு. இரண்டும் விடுமுறை நாள் மருந்துகள். ஷிஃப்ட் முடிந்து விடுதி வேனிலிருந்து இறங்கியவர் கால் மணி நேரம் எண்ணெயைக் கொப்பளிப்பார் என்று எதிர்பார்ப்பவர் அந்த வேனில் வந்தவராக இருக்க மாட்டார்.

ஆக, இந்தப் பட்டைக்கான வரிசை: சட்டைப்பையில் ஏலக்காய், அவசரத்துக்குக் கிராம்பு, சாப்பாட்டோடு பச்சைப் புதினா, பாக்கில்லாத வெற்றிலை. இவை அனைத்துக்கும் மேலே, மூலிகையே அல்லாத இரண்டு: போதிய தண்ணீரும் நாக்கு வழிப்பானும். வழிப்பானின் பலனும் சில மணி நேரம்தான். ஆனால் மணத்தால் மூடாமல், அழுக்கை அது வெளியே கொண்டுவருகிறது. துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறவர், பல் ஆடுகிறவர், வாரக்கணக்கில் நாற்றம் நீங்காதவர் இந்த வரிசையிலேயே நிற்கக் கூடாது. அவர் எடுக்க வேண்டியது இ.எஸ்.ஐ. அட்டையை. ஈறுக்கடியில் இறுகிய பற்காரையை எந்த இலையும் கரைப்பதில்லை.