தகரக் குவளையும் ஒரு தன்வரலாறும்

லூதர் ஸ்டாண்டிங் பேர் எழுதிய நூல்களுள் 1928இல் வந்த ‘என் மக்கள் சியூக்கள்’ சாந்தமானது. 1933இல் வந்த ‘புள்ளிக் கழுகின் நாடு’ வழக்குரைப்பது. பின்னதையே உயர்த்திப் பேசத் தோன்றும். நாம் முன்னதன் பக்கமே நிற்கிறோம்.

அமெரிக்கப் பூர்வகுடியினரான லக்கோட்டா மக்களிடையே ஓட்டா க்டே என்ற பெயருடன் வளர்ந்தவர் இவர். பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில், பழைய படைவீட்டில், 1879இல் அரசினர் தொழிற்பள்ளி திறக்கப்பட்டபோது முதல் அணியில் சென்றார். கல்வி வேட்கையாலா? இல்லை. சாகத்தான் போகிறோம் என்றெண்ணி, தந்தைமுன் வீரத்தை மெய்ப்பிக்கப் புறப்பட்ட சிறுவன் அவன்! கரும்பலகையில் இருந்தவை அவனுக்கு வெறும் கீறல்கள். கோலால் ஒன்றைச் சுட்டினான், லூதர் ஆனான். அப்பெயரை எழுதிச் சட்டை முதுகில் தைத்தார்கள். ஏழாம் நாள் அகீகா கொடுத்து, பொருளறிந்து பெயர் சூட்டும் குடும்பத்தினரான நமக்கு இப்பக்கத்தைக் கடப்பது எளிதன்று. ஆசிரியரோ இதை ஏறக்குறைய ஒரு வேடிக்கைபோலச் சொல்லிச் செல்கிறார்.

நூலின் உயிர்நிலை தகரப் பட்டறைப் பகுதியே. அரைநாள் பாடம், அரைநாள் தொழில் என்பது அங்கு முறை. முழுநாளும் படிக்க விரும்பியவர்க்குத் தகர வேலையே விதிக்கப்பட்டது. குவளைகளும் வாளிகளும் நூற்றுக்கணக்கில் செய்தார். அவை பூர்வகுடியினரின் ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஊர் திரும்பியபோது அத்தொழிலுக்கு அங்கே வேலையில்லை. வீடுதோறும் தகரப் பாத்திரம் நிறைந்திருந்தது. எல்லாம் அவரும் தோழர்களும் செய்தவையே! தொழிற்கல்வி என்னும் சொல்லை இதைவிடக் கூர்மையாகச் சோதித்த பக்கத்தை நாம் வேறெங்கும் படித்ததில்லை. சினச்சொல் ஒன்றேனும் அதில் உண்டா?

குறையும் உண்டு. பள்ளியை நிறுவிய ரிச்சர்ட் பிராட், பூர்வகுடித் தன்மையைக் கொன்று மனிதனைக் காப்பதே தம் நோக்கமென 1892இல் வெளிப்படையாகப் பேசியவர். அவரிடம் ஆசிரியர் காட்டும் பரிவு நமக்கு உவப்பாயில்லை. சமவெளியிலிருந்து சென்ற சிறாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாண்டுக்குள் மாண்டனர் என்ற கணக்கை அவர் இரண்டாம் நூலில்தான் அழுத்தமாக முன்வைக்கிறார். அப்பள்ளி 1918இல் மூடப்பட்டது. இத்தகைய பள்ளிகளுக்காக அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கோரியது 2024இல். ஆசிரியர் மறைந்தோ 85 ஆண்டுகள்.

இவற்றைத் தமிழாக்க எண்ணுவோர் முதல் நூலிலிருந்தே தொடங்கட்டும். கரும்பலகைப் பகுதியில் மட்டும் தம் கண்ணீரைச் சேர்க்காதிருப்பார்களாக.