ஆஸ்பிரினின் ஒரு துணுக்கு

பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் லேசான வினிகர் வாடை வரும். ஈரக்காற்று பட்டு மாத்திரை சிதைந்து, அசிட்டிக் அமிலம் பிரிகிற வாடை அது. அப்படிக் கழன்றுபோகிற அசிட்டைல் துணுக்கில்தான் மருந்தின் கைவண்ணமே இருக்கிறது. இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான்.

ரத்தத் தட்டணுவுக்குள் போனதும் அந்தத் துணுக்கு தாய் மூலக்கூறை விட்டு இறங்கி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தம் கட்ட உதவும் காக்ஸ் என்ற நொதியின் உள்வழியில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது, சாவித்துவாரத்தில் மெழுகு வைத்து அடைத்த மாதிரி. வலி மருந்தான இபுபுரூஃபெனும் அங்கேதான் வந்து உட்காரும். ஆனால் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். ஆஸ்பிரின் அடைத்தால் அடைத்ததுதான். தட்டணுவுக்கு உட்கருவும் கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. 8, 10 நாள் ஆயுளையும் அந்த அடைப்போடேயே ஓட்டிவிடுகிறது. இதய நோயாளிக்கு டாக்டர் எழுதித் தரும் 75 மில்லிகிராம், விரல் நுனியில் தொலைந்துபோகிற அந்தப் பொடி மாத்திரை, ரத்தம் கட்டாமல் காக்கப் போதுமானதாக இருப்பது இதனால்தான்.