கெய்ரோவில் நிகழும் மலாய் நாவல்

மலாய் நாவலின் தோற்றம் குறித்துக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழாசிரியர் கூடிப் பேசும்போது ஒரு குறை கூறப்படுவதுண்டு. 'பரீடா ஹனும்' கதையின் மாந்தர் எகிப்தியர், நகரம் கெய்ரோ, அதனை மலாய் நாவலின் முன்னோடி என்பது எங்ஙனம் பொருந்தும் என்பர். இவ்வினா நூலைப் படியாமல் எழுப்பப்படுவது.

ஆசிரியர் சையத் ஷேக் அல்-ஹாடி 1867-இல் மலாக்காவில் பிறந்தவர். 1906-இல் சிங்கப்பூரில் 'அல்-இமாம்' இதழைத் தோற்றுவித்தோருள் ஒருவர். கெய்ரோவின் 'அல்-மனார்' இதழ் பரப்பிய சீர்திருத்தக் கருத்துகளை மலாய் மக்களிடம் கொணர்ந்த அவ்விதழ் 1908-இல் நின்றுபோயிற்று. கட்டுரையாற் சென்றடைய முடியாத மக்களைக் கதையால் அடைந்தார் அல்-ஹாடி. 1925, 1926-ஆம் ஆண்டுகளில் பினாங்கில் ஜாவி எழுத்தில் வெளிவந்த இக்கதை பெரிதும் விற்பனையாயிற்று. அவ்வருவாயின் துணையால் 1927-இல் ஜெலுத்தோங் அச்சகம் எழுந்தது.

கல்வி கற்ற பரீடா, ஷபிக் என்னும் இளைஞனை விரும்புகிறாள். தந்தையோ உறவினனுக்கு மணம் பேசி முடிக்கிறார். எகிப்திய நாவல்களின் தழுவல் இது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆயின் 1913-இல் வெளிவந்த ஹைக்கலின் 'ஜைனப்' நாவலை இதனுடன் வைத்துப் பாருங்கள். ஜைனபும் ஒருவனை விரும்பி மற்றொருவனுக்கு வாழ்க்கைப்பட்டவளே. அவள் நோயுற்று மடிகிறாள். பரீடாவோ இறுதியில் தான் விரும்பியவனையே மணக்கிறாள். கடன் வாங்கியவர் வாங்கியவாறே திருப்பித் தரவில்லை!

களம் ஏன் கெய்ரோ? தந்தையின் சொல்லை மறுக்கும் பெண்ணைப் பினாங்கு வீடொன்றில் வைத்துக் காட்டியிருந்தால் ஊரார் ஆசிரியரையே ஏசியிருப்பர். அல்-அசார் கல்விக்கூடம் விளங்கும் நகரத்துப் பெண் என்றால் அவளைச் சமயம் அறியாதவள் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. தொலைவு அவருக்கு ஒரு காப்பு.

இவ்வுத்தி நமக்குப் புதிதன்று. 1879-இல் அச்சேறிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாள்வது எங்கே? தன் ஊரிலா? விக்கிரமபுரியில் அல்லவா! பெண்ணின் ஆட்சித்திறனைக் காட்ட அவருக்கும் வேறொரு நாடு வேண்டியிருந்தது. அதனை வகுப்பறையில் புகழும் நாம், அல்-ஹாடியை மட்டும் குறை கூறுவது நடுநிலை ஆகாது.

குறை உண்டு, அது வேறு. பெண்கல்வி பற்றிய பேச்சு வந்தால் கதை நின்றுவிடுகிறது. காதலர் வாயிலாக ஆசிரியரே சொற்பொழிவு ஆற்றுகிறார். வேதநாயகம் பிள்ளைக்கும் இப்பழக்கம் உண்டு எனினும் அவரிடம் நகைச்சுவை இருந்தது. அல்-ஹாடியிடம் அது மிகக் குறைவு.

கதை தாயகம் திரும்ப நெடுங்காலம் ஆகவில்லை. பினாங்கைச் சேர்ந்த அகமத் ரஷீத் தாலு, 1928-இல் 'இயாக்கா சல்மா?' என்னும் நாவலில் மலாயா மண்ணையே களமாக்கினார். பெண்ணின் கல்வியும் மணமும் பற்றிய அதே வினாக்களை அங்கே எகிப்தியப் பெயர் தாங்காத மாந்தர் கேட்கின்றனர்.